சுண்ணாம்புக் குழியருகே நின்றவர்

பத்திரிகைக்குப் படம் பிடிக்கிறவன் என்றால் ஊர் சுற்றிப் பார்க்கிற ராஜபோகம் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில், தோளில் கேமராவும் கக்கத்தில் முக்காலியும் மடியில் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய மரப்பெட்டியுமாக நான் உட்கார்ந்திருந்த கோலத்தை அவர்கள் பார்க்கவில்லை. வண்டி குலுங்கினால் என் உயிரும் குலுங்கும். தகடு உடைந்தால் சென்னையில் ஆசிரியர் என்னை உடைத்துவிடுவார். பன்னிரண்டு வருஷம் இப்படி அலைந்தேன்.

ஊர்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு மனிதர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். புயல் அடித்த ஒரு கடற்கரைக் கிராமத்தில், வீடு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு தாய், நான் முக்காலியை விரித்ததைப் பார்த்ததும் பிள்ளைகளின் தலையை விரலால் கோதிவிட ஆரம்பித்தாள். கோதி முடிக்கும்வரை காத்திருந்து எடுத்தேன். கோலார் தங்கச் சுரங்கத்தில் மேலே ஏறி வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்தேன். வெயில் கூசி அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏலகிரியில் என் பெட்டியைச் சுமந்து வந்தவர், "இன்னாங்க இம்மாங் கனம் கனக்குது, உள்ள அரிசியா?" என்று கேட்டார். வெளிச்சத்தைப் பிடிக்கிற பெட்டி என்று பெருமையடித்தேன். "மல மேல இல்லாத வெளிச்சமாங்க, கீழருந்து தூக்கினு வர்றீங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு ரோஷமாக இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அந்தக் காலத்துத் தகடு மந்தமானது. வெயிலில் எடுத்தால் பரவாயில்லை. கூரைக்கு அடியில் என்றால் லென்ஸின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத்தான் திரும்ப மூடவேண்டும். அதற்குள் அசைந்தவர்கள் புகையாகிப் போவார்கள். நடந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். படத்தில் விழுவது என்றுதான் அப்போது சொல்வோம். இந்தக் குறையை நான் ஒரு வித்தையாக வைத்திருந்தேன். வாணியம்பாடியில் மேலே படுதா கட்டிய ஒரு கடைத்தெருவை எடுக்கப்போனபோது, பர்தா போட்ட பெண்கள் வந்து போகிற இடம், எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். அவர்கள் நிற்காமல் நடந்து போகட்டும், ஒருத்தரும் விழமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். படத்தைத் தபாலில் அனுப்பியும் வைத்தேன். தெரு இருந்தது, கடைகள் இருந்தன, ஒரு பெண்கூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய் என்று ஒரு பெரியவர் கார்டு எழுதிப் போட்டார். அந்தக் கார்டைப் பல நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கர்வம்தான்.

அடுத்த வருஷம் ஆம்பூருக்குப் போகச் சொன்னார்கள். நம் ஊர்த் தோல் கப்பலேறிச் சீமைக்குப் போகிறது, அதைப் பற்றி ஒரு கட்டுரை, அதற்குப் படம் வேண்டும். தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடுகிற பட்டறையின், முதலாளி சாயபு நல்ல மனிதர். மேஸ்திரியிடம் உருதுவிலும் என்னிடம் தமிழிலும் பேசிக்கொண்டே டீ வரவழைத்துக் கொடுத்தார். நாற்றத்தில் எனக்கு டீ இறங்கவில்லை. உள்ளே நீளமான ஓட்டுக் கொட்டகை. இரண்டு பக்கமும் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிகள். முழங்கால்வரை வெள்ளை பூத்த மனிதர்கள் நீளக் கொக்கியால் தோல்களை இழுத்துப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆவாரம்பட்டை இடிக்கிற சத்தம். நான் முக்காலியை நிறுத்தும்போது ஒருவர் கொக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா, இந்தப் படத்துல நானும் வுழுவனா?"

"ஏன், விழக்கூடாதா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் அணைக்கட்டுப் பக்கங்க. மழ தப்பிப் போயி நெலம் கையவுட்டுப் போச்சு. இங்க வந்து சேந்துட்டேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. வாணியம்பாடியில வெல்ல மண்டியில கணக்கு எழுதறேன்னு சொல்லிக்கீறேன். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாம்பூலம் மாத்தியாச்சு. நான் தோல் ஷாப்புல கீறேன்னு மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சுதுன்னா அன்னியோட முடிஞ்சுதுங்க."

பக்கத்துக் குழியில் நின்றவருக்கு இது காதில் விழுந்துவிட்டது. அவர் ஆம்பூர்க்காரர், தலைமுறையாகத் தோல் வேலை. "ஊருக்குப் போறதுன்னா இவருக்கு ஒரு நாளு முச்சூடும் குளியல்தான் ஐயா" என்றார். "பாலாத்துல எறங்கி அரப்பு தேய்ப்பாரு, எலுமிச்சம்பழம் தேய்ப்பாரு. அப்புறம் அச்சு வெல்லம் வாங்கித் துணியில முடிஞ்சிக்குவாரு. மண்டியில வேலைன்னு வூட்ல நம்பணுமே." எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். ஆம்பூர்க்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாங்க இப்பிடியேதான் வூட்டுக்குப் போறோம். எங்க பொண்ணுங்களுக்கும் கல்யாணம் ஆவுது" என்றார். இவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உங்களை விழாம நான் பாத்துக்கறேன்" என்றேன். "நான் மூடியைக் கழட்டினதும் நடந்துக்கிட்டே இருங்க. நிக்கவே நிக்காதீங்க. புகை மாதிரிப் போயிடுவீங்க."

"நெசமாவா?"

"சந்தேகம்னா வாணியம்பாடியில போய்க் கேட்டுப் பாருங்க."

முதல் தகட்டில் சொன்னபடி நடந்தார். இரண்டாவதிலும் நடந்தார். மூன்றாவது தகட்டைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். மேலே ஓட்டில் ஒரு இடைவெளி. அதன் வழியே வெயில் இறங்கி அவர் மேல் விழுந்தது. குழியிலிருந்து ஒரு முழுத் தோலைத் தூக்கிக்கொண்டிருந்தார். தோலிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் வடிகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, முகம் முழுக்க வெளிச்சம். பன்னிரண்டு வருஷ அலைச்சலில் அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. மூடியைக் கழற்றினேன்.

"அப்படியே நில்லு" என்றேன்.

அதுவரை அவரை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்த நேரத்தில் மேஸ்திரி போலக் குரல் வந்தது. மேஸ்திரி சொன்னால் நிற்கிற மாதிரியே அவரும் நின்றுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. இமைகூட அசையவில்லை.

நான் மூடியை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நின்னுட்டனே. வுழுந்துட்டனா ஐயா?"

"இல்லை" என்றேன். "தோல் மறைச்சிடுச்சு."

கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

சென்னை வந்து, சிவப்பு விளக்கின் கீழே தகட்டைக் கழுவும்போது மற்றவர்களெல்லாம் புகையாகக் கலைந்து கிடந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் கல்லில் செதுக்கியது போல நின்றார். தகட்டைச் சுரண்டுகிற சின்னக் கத்தி கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முகத்தை மட்டும் நாலு சுரண்டு சுரண்டியிருந்தால் போதும். கத்தியைக் கையில் எடுத்தும் விட்டேன். பிறகு கீழே வைத்தேன். நம் பத்திரிகையை அணைக்கட்டுப் பக்கம் யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். என் முதுகில் தட்டினார். அட்டையிலேயே போட்டார், கீழே என் பேரோடு. அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மாப்பிள்ளையின் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எங்கள் பத்திரிகைக்குச் சந்தாதாரர். என் தலையெழுத்து, அவர் தலையெழுத்து, யார் தலையெழுத்து என்று சொல்ல.

மார்கழியில் ஒரு நாள் அந்த அணைக்கட்டுக்காரர் காரியாலயத்துக்கு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கிட்டே வந்தபோது எலுமிச்சை வாசனை அடித்தது. அவர் சண்டை போடுவார், வாயில் வந்ததையெல்லாம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் என் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"நாளான்னிக்கு வர்றாங்க. தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்க. அது நானில்லேன்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். எடுத்தவரு நீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். வர்றீங்களா?"

போனேன். காட்பாடியில் இறங்கி, வேலூருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸும் கட்டை வண்டியுமாக அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியில் ஏறும்போது என் முக்காலியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சம்பந்தி வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நிதானமான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. பாயில் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பத்திரிகையை, அட்டை மேலே தெரிய வைத்திருந்தார். "நீங்கதான் எடுத்தீங்களாமே" என்றார்.

"ஆமாம்."

"இது இவரில்லையா?"

"இல்லை. முகஜாடை ஒண்ணா இருக்கு. இவர் வேற."

"அப்ப இது யாரு?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆம்பூரில் தேடிப் போய் விசாரிப்பார்களோ என்று பயந்தேன். வாய் முந்திக்கொண்டது. "அவர் ஆம்பூர் ஆளு. போன மாசம் செத்துப் போயிட்டாரு" என்றேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அவருடைய பெண் உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பதினாறு, பதினேழு வயது. குனிந்து செம்பை வைக்கும்போது பத்திரிகை அட்டையைப் பார்த்தாள். பிறகு தகப்பனாரின் கைகளைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்று, நகக்கண்ணெல்லாம் வெடித்த கைகள். அவர் துண்டை இழுத்து மணிக்கட்டுவரை மூடிக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் பத்திரிகையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஐயா படிச்சவரு. தப்பா எடுத்துக்கக் கூடாது. கற்பூரம் அணைச்சுச் சொல்லிடுங்க. அதோட நாங்க வாயத் தெறக்க மாட்டோம்."

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. அட்டைப்படத்தில் இருப்பவர் இவரில்லை, இது சத்தியம் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது. திருப்பிக் கொடுக்க வந்த தாம்பூலத்தை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் தையிலேயே நடந்தது.

சத்தியம் செய்த அன்றைக்குச் சாயங்காலம் என்னை வண்டி ஏற்றிவிட வந்தவர், "இனிமே ஷாப்புக்குப் போக முடியாதுங்க" என்றார். "யாராச்சும் பாத்துட்டா உங்க சத்தியம் பொய்யாப் பூடும்." நான் செய்த பொய்ச் சத்தியத்தைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பாகிவிட்டது. உண்மையிலேயே வாணியம்பாடி வெல்ல மண்டிக்குப் போய்க் கெஞ்சி வேலை கேட்டிருக்கிறார். கணக்கு எழுதவா கொடுப்பார்கள்? மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. அந்த வயதில் மூட்டை. ஒரு தடவை அந்தப் பக்கம் ரயிலில் போனபோது இறங்கி, மண்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். முதுகில் மூட்டையோடு குனிந்தபடியே, "நல்லா கீறீங்களா ஐயா, பொண்ணு முழுவாம கீது" என்றார். மூட்டையை இறக்கிவிட்டு வருகிறேன், இருங்கள் என்று உள்ளே போனார். நான் ரயிலைச் சாக்குச் சொல்லி வந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

ஆறு வருஷம் கழித்து, ஒரு நாள் முற்பகலில், இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் காரியாலயத்துக்கு வந்தார்கள். குழந்தைக்குக் கண் வைத்தியம் பார்க்கச் சென்னைக்கு வந்திருந்தார்கள். புருஷன் சாதுவான பையன், என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினான்.

"மாமா போய்ச் சேந்து ரெண்டு மாசம் ஆவுதுங்க. மண்டியில கணக்கு எழுதினு இருந்தவரு, நெஞ்சு வலின்னு உக்காந்தாராம், அவ்ளோதான். இதுக்கு மனசே ஆறல. படம் வெச்சுக் கும்பிடணும்னு கேக்குது. நீங்க அன்னிக்கு எங்க கல்யாண விஷயமா வந்தீங்களே, அப்ப மாமாவை ஒரு படம் எடுத்தீங்களோன்னு கேக்கலாம்னு வந்தோம்."

எடுக்கவில்லை. அன்றைக்குக் கேமராவைத் திறக்கவே இல்லை. அதைச் சொன்னேன். அவர் செத்துப்போனார் என்று அவர் காதுபடவே சொன்ன வாய் இது. இப்போது நிஜமாகவே போய்விட்டார்.

"அந்தத் தோல் ஷாப்பு படத்தையாச்சும் ஒரு தபா காட்டச் சொல்லுங்க" என்று அவள் புருஷனிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

புருஷன் சங்கடமாகச் சிரித்தான். "ஜாடை ஒண்ணா இருக்குமாமே, அதாங்க. இன்னும் எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குது, இந்தப் பேச்செல்லாம் இனிமே எடுக்காதேன்னுதான் சொன்னேன். கேக்கல."

அலமாரியைத் திறந்து எடுத்துவந்தேன். பத்திரிகை அட்டையில் வந்தது புள்ளி புள்ளியாக மங்கிய படம். இது தகட்டிலிருந்து நேரே நான் போட்ட பிரதி, நல்ல பெரியது. நெற்றிச் சுருக்கம், மூக்கின் பக்கத்து மச்சம், கை ரோமத்தில் ஒட்டிய சுண்ணாம்பு, எல்லாம் தெரியும். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படத்தை வாங்கினாள். குழந்தை பிடுங்கப் பார்த்தது. எட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புருஷனும் எட்டிப் பார்த்தான். "அப்படியே மாமாவாட்டந்தான் கீது" என்றான். "ஆனா இவரு வேறன்னு அன்னிக்கே கற்பூரம் அணைச்சீங்க. இல்லீங்களா?"

ஒரு வார்த்தை. ஆமாம் அது உங்கள் மாமாதான் என்று நான் சொல்லிவிட்டால் அவளுக்குத் தகப்பன் கிடைத்துவிடுவான். அப்புறம் அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்வாள், பொய் சொல்லிக் கட்டிவைத்த பெண் என்று எத்தனை வருஷம் ஏச்சுக் கேட்பாள். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "வேற ஆள்தான்."

அவள் மூச்சு விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஜாடைக்காகவாவது வெச்சுக்கோம்மா. நான் சும்மா கொடுக்கறேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க ஐயா" என்றான் புருஷன், நிஜமான வருத்தத்தோடு. "யாரோ தோல் ஷாப்பு ஆளை வூட்ல மாட்டி வெச்சுக் கும்பிட முடியுங்களா. வர்றவங்க கேப்பாங்க."

அவள் படத்தை முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். தூசி ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"வேணாங்க" என்றாள். "எங்க அப்பா இல்ல இவரு."